பள்ளியில் கலைப் பாடம் எதற்கு? சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகளுக்குப் போய் நாடகப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆண்டு இறுதி நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது பெற்றோர் வந்து பேசுவார்கள். முதலில் நன்றி சொல்வார்கள், அப்புறம் கொஞ்சம் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நின்றபடி சொல்லும் பதில் யாருக்கும் போதுவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கலை என்று நான் சொல்வதில் ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கும் அடங்கும்.

பிஎஸ்எல்இ தேர்வில் இல்லாத பாடத்துக்கு ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்?

தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ-யில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்ற நான்குதான் வரும். ஓவியமும் இசையும் அதில் கிடையாது. ஆனாலும் அவை விருப்பப் பாடங்கள் அல்ல. தொடக்கநிலை 1 முதல் உயர்நிலை 2 வரை எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடங்கள். உடற்கல்விக்கும் பிஎஸ்எல்இ-யில் இடமில்லை. அதற்காக உடற்கல்வியை நிறுத்தச் சொல்லி எந்தப் பெற்றோரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளை ஓடியாட வேண்டும் என்பது நமக்கே தெரியும். கலைக்கும் அதே நியாயம் உண்டு என்பதுதான் என் கட்சி.

உயர்நிலைப் பள்ளியில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2024-இல் உயர்நிலை 1-க்குப் போன மாணவர்கள் முதல் மதிப்பெண்ணை வைத்துப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பழைய பிரிவுகள் இல்லை. ஆங்கிலம், கணிதம் போன்றவற்றை அவரவர் நிலைக்கேற்பப் படிக்கிறார்கள். ஆனால் ஓவியம், இசை, உடற்கல்வி உள்ளிட்ட ஆறு பாடங்களை ஒரே வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். பாட நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஆறுக்குப் போகிறது. மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பிள்ளையும் கீழே இருக்கும் பிள்ளையும் ஒரே மேசையில் களிமண் பிசையும் இடம் இப்போது ஓவிய வகுப்புதான். அந்த வகுப்பை இரண்டாம்தரப் பாடமாக நினைக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவரையும் அப்படித்தான் பார்க்கும்.

இசை, நடனம் கற்றால் மதிப்பெண் கூடும் என்கிறார்களே, உண்மையா?

இதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். பல பயிற்சி நிலையங்கள் அப்படித்தான் விளம்பரம் செய்கின்றன. ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை.

மொசார்ட் இசை கேட்டால் மூளை கூர்மையாகும் என்ற பேச்சு 1993-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிடம் அந்த இசையைக் கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்ப்பது போன்ற ஒருவகைச் சோதனையில் அதன்பின் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துத்தான் கைக்குழந்தைகளுக்கு இசைத்தட்டு விற்றார்கள்.

எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டில் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி அலசி, 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலை வகுப்பால் மற்றப் பாடங்களின் மதிப்பெண் ஏறுகிறது என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. மூன்று இடங்களில் மட்டும் தொடர்பு தெளிவாக இருந்தது. இசை கேட்பதும் இசைக்கருவி கற்பதும் இடம், வடிவம் பற்றிய சிந்தனைக்கு உதவுகின்றன. வகுப்பறை நாடகம் மொழித்திறனுக்கு உதவுகிறது. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழைப் பற்றிப் பேசும்போது மறுபடி வருகிறேன்.

கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு எந்த வகுப்பும் இல்லை. இசை கற்றவர்களின் ஐகியூ மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று புள்ளி கூடுதலாக உயர்ந்தது. சிறிய வேறுபாடுதான். நாடகம் கற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் உயர்வு இல்லை, ஆனால் மற்றவர்களோடு பழகும் விதத்தில் அவர்கள்தான் முன்னேறினார்கள்.

இன்னும் பெரிய ஆய்வு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. பள்ளிகள் 42, மாணவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். எந்தப் பள்ளிக்குக் கூடுதல் கலைக் கல்வி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2019-இல் வந்த முடிவுகளின்படி, அந்தப் பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் விகிதம் 3.6 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது, பிறர்மீது பரிவு கூடியது. கணிதத்திலும் அறிவியலிலும் மாற்றமில்லை. அதே சமயம் கலைக்குக் கொடுத்த நேரத்தால் அந்தப் பாடங்களில் யாரும் பின்தங்கவும் இல்லை. நம் பெற்றோருக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆகவே கணித மதிப்பெண்ணுக்காக வீணை வகுப்பில் சேர்க்காதீர்கள். மதிப்பெண் ஏறவில்லை என்றால் வீணையை நிறுத்திவிடுவீர்கள். பிள்ளைக்கு அதுவும் போய்விடும்.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் கிடைக்கிறது?

ஒரு பரதநாட்டிய வகுப்பின் முதல் அரைமணி நேரத்தைப் பாருங்கள். தட்டடவு என்ற அடிப்படைக் கால் பயிற்சி. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, ‘தெய்யா தெய்’ சொல்லுக்குக் கால் தட்ட வேண்டும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எல்லாருக்கும் வரும். இரண்டாம் காலத்தில் தோள் லேசாகத் தூக்கும். மூன்றாம் காலம் வந்ததும் பாதி பேருக்கு இடுப்பு மேலே ஏறிவிடும், பாதம் முழுதாகத் தரையில் விழாமல் விரல் மட்டும் தட்டும். காலைப் பார்க்காமல் ஓசையை வைத்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். ‘நிறுத்து. மறுபடியும் முதல் காலம்.’ யாரும் முகம் சுளிப்பதில்லை. வேகம் வேண்டுமென்றால் முதலில் மெதுவாகச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது அவர்களின் காலுக்கே தெரிந்திருக்கும். தவறு பலர் முன்னால் நடக்கிறது, பலர் முன்னாலேயே திருத்தப்படுகிறது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சிவப்பு மையில் திருத்திய தாளைப் பைக்குள் ஒளித்து வைக்கும் அதே பிள்ளைதான் இங்கே பத்து முறை தவறிப் பதினோராவது முறை தட்டுகிறது.

ஓவியத்தில் கிடைப்பது வேறு. தொடக்கநிலை 4 மாணவர்களை ஓவியப் பாடத்தின் ஒரு பகுதியாக அரும்பொருளகத்துக்கோ கலைக்கூடத்துக்கோ அழைத்துப் போகிறார்கள். தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959-இல் தீட்டிய ஓர் ஓவியம் இருக்கிறது. பல இனத்தவர் மலாய் மொழி கற்கும் வகுப்பு அது. பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னால், முதல் நிமிடத்தில் ‘பார்த்துட்டேன்’ என்பார்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்குவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் கேள்வி வரும்: இவர்கள் ஏன் மலாய் படித்தார்கள்? 1959 சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு என்று அப்போது சொன்னால் அது மண்டையில் நிற்கும். முன்கூட்டியே சொன்னால் நிற்காது.

பொறுமையாகப் பார்ப்பது, கேட்பது, பிறர் முன் தவறிவிட்டு மறுபடி எழுவது, இன்னொருவரின் தாளத்துக்குத் தன்னை ஒப்படைப்பது. இவை தேர்வில் வராதவை. கலைக்கென்று நேரம் ஒதுக்காத பள்ளியில் இவற்றை எங்கே வைத்துச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வெளியே வகுப்புக்கு அனுப்புகிறோம். பள்ளியிலும் எதற்கு?

உங்கள் பிள்ளைக்கு வெளியே கிடைக்கிறது. பக்கத்து மேசைப் பிள்ளைக்கு?

வெளி வகுப்பு என்றால் மாதக் கட்டணம், கருவி, உடை, போக்குவரத்து. நடனம் என்றால் சலங்கை, அரங்கேற்றம் என்று கனவு கண்டால் அதற்கான செலவு தனி. இரண்டு பேரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் பணம் இருந்தாலும் அழைத்துப் போக ஆள் இருக்காது. கட்டணமே கேட்காமல், பள்ளி நேரத்திலேயே, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் கலை கிடைக்கும் ஒரே இடம் பள்ளி. நான் இந்த வேலையைச் செய்வதற்கே இதுதான் காரணம். வகுப்பில் முதன்முதலாக மிருதங்கத்தைத் தொடும் பிள்ளை, தொட்டவுடன் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைத் தடவிப் பார்க்கும். அது என்ன, ஏன் கரடுமுரடாக இருக்கிறது, அதைத் தட்டினால் ஏன் சத்தம் மாறுகிறது என்று கேட்கும். வெளி வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பதில்கள் முன்பே தெரிந்திருக்கும். பள்ளி இல்லையென்றால் மற்றவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

உங்கள் பிள்ளைக்கும் பள்ளி வகுப்பில் புதிதாகக் கிடைப்பது ஒன்று உண்டு. வெளி வகுப்பில் எல்லாரும் விரும்பி வந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பள்ளியில் இருபது, முப்பது விதமான பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பாட்டைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

என் பிள்ளைக்குக் கலைத் திறமை இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

கணிதத் திறமை இல்லாத பிள்ளைக்குக் கணிதத்தை நிறுத்துகிறோமா? பள்ளி ஓவிய வகுப்பு ஓவியர்களை உருவாக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ‘உனக்கு வராது’ என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாத்தா பாட்டி உட்பட. எட்டு வயதில் கேட்ட அந்தச் சொல்லை நாற்பது வயதிலும் திருப்பிச் சொல்லும் பெரியவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

தேர்வு நெருங்கும்போது ஓவிய, இசை நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பிள்ளை சொல்கிறது. கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எப்போதாவது நடந்தால் பெரிதாக்க வேண்டாம், பள்ளிக்கும் நெருக்கடிகள் உண்டு. வாரா வாரம் நடந்தால் முதலில் வகுப்பாசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். குறை சொல்லும் தொனி வேண்டாம். ‘என் பிள்ளை ஓவிய வகுப்பை ஆவலோடு எதிர்பார்க்கிறாள், இந்தத் தவணையில் எப்போது மறுபடி தொடங்கும்?’ என்று கேட்டால் போதும். நம்மவர்கள் கணித ஆசிரியரைப் பெற்றோர் சந்திப்பில் வரிசையில் நின்று பார்ப்போம். ஓவிய ஆசிரியர் என் பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பவர் மிகக் குறைவு. இரண்டு பேர் கேட்டாலே அந்த ஆசிரியருக்குப் பள்ளிக்குள் தெம்பு வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

இணைப்பாட நடவடிக்கையில் கலையைத் தேர்ந்தெடுத்தால் படிப்பு பாதிக்குமா?

உயர்நிலையில் ஏதாவது ஓர் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம். விளையாட்டு, சீருடைக் குழு, மன்றங்கள், கலை இவற்றில் ஒன்று. எதை எடுத்தாலும் நேரம் போகத்தான் போகிறது. நல்ல பங்கேற்பு இருந்தால் தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது இரண்டு போனஸ் புள்ளி வரை கிடைக்கும். கலைக்கும் விளையாட்டுக்கும் அதில் வேறுபாடில்லை.

கலைக் குழுக்களில் நெருக்கடியான காலம் சிங்கப்பூர் இளையர் விழாவுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள். இந்த விழா 1967 முதல் நடக்கிறது. முன்பு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று விருது கொடுத்தார்கள். 2013-இலிருந்து அது போட்டி என்ற பெயரை விட்டுவிட்டது. இப்போது டிஸ்டிங்ஷன், அக்காம்ப்ளிஷ்மென்ட், கமெண்டேஷன் என்று மூன்று சான்றிதழ்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பள்ளிகளும் பெற்றோரும் இன்னும் மனத்தளவில் தங்கத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சான்றிதழ் அறிவிக்கும் நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்தால் ‘என்ன கிடைத்தது?’ என்பதற்கு முன்னால் ‘மேடையில் எப்படி இருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும்.

டிஎஸ்ஏ-வுக்காக இப்போதே ஏதாவது கலையில் சேர்க்கலாமா?

பிஎஸ்எல்இ முடிவுக்கு முன்பே திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் கொடுக்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை, அதாவது டிஎஸ்ஏ, 2004-இல் தொடங்கியது. தொடக்கநிலை 6 மாணவர்கள் மே மாதவாக்கில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியவற்றிலும் இடம் உண்டு. ஒரு பள்ளியின் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் பிஎஸ்எல்இ மதிப்பெண் வந்த பிறகு வேறு பள்ளிக்கு மாற முடியாது.

உண்மையாகவே கலையில் ஊறிய பிள்ளைக்கு இது அருமையான வழி. ஆனால் சேர்க்கைக்காகவே ஒன்பது வயதில் தொடங்கி, கிடைத்ததும் வெறுத்துப்போகும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கலையில்தான் அந்தப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டும். சேர்க்கைக்காக மட்டும் வந்த பிள்ளையை நேர்காணலில் ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘உனக்கு ரொம்பப் பிடித்த ராகம் எது, ஏன்?’ என்றால் மனப்பாடம் செய்து வந்த பிள்ளையின் முகம் ஒரு மாதிரி, பாடிப் பாடித் தேய்ந்த பிள்ளையின் முகம் ஒரு மாதிரி.

கலைப் பள்ளி எனப்படும் சோட்டா எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது, அதில் தவறும் இல்லை. 2008-இல் தொடங்கிய இந்தப் பள்ளி இப்போது ஸுபிர் சையித் டிரைவில் இருக்கிறது. நம் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவரின் பெயரைத் தாங்கிய சாலை அது. பதின்மூன்று வயதில் சேர்ந்து பதினெட்டு வரை கலையும் மற்றப் பாடங்களும் சேர்ந்தே படிக்கலாம், இறுதியில் ஐபி டிப்ளோமா என்ற அனைத்துலகச் சான்றிதழ். உயர்நிலை முடிவில் வரும் ஓ நிலைத் தேர்வு இங்கே இடையில் வராது. நாளின் பெரும்பகுதி ஒரு கலையோடு போவதைச் சுமையாக நினைக்காத பிள்ளைக்கு ஏற்ற இடம்.

தமிழ் பேசத் தயங்கும் பிள்ளைக்கு நாடகம் உதவுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன்.

நம் வீடுகளில் ஆங்கிலம் நுழைந்து வெகுநாள் ஆகிறது. பிள்ளைக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். வகுப்பில் தமிழ் என்றால் பயிற்சித்தாள், கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்திலேயே வாய் திறக்காது. கல்வி அமைச்சு 2005-இல் தமிழ்க் கற்பித்தலை மறுஆய்வு செய்தபோது, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. நாடகம் அந்தப் பரிந்துரையின் நேர்வழி என்பது என் எண்ணம். நாடகத்தில் பாத்திரம் பேசியே ஆக வேண்டும், எழுத்துத் தமிழில் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

தொடக்கநிலை 3 பிள்ளைகளை வைத்துத் தேக்காச் சந்தை மீன்கடையை நடத்துவேன். நான்கு பேர் கடைக்காரர்கள், மற்றவர்கள் வாங்க வந்தவர்கள். கையில் வசனம் கிடையாது. பணம் குறைவாக இருக்கிறது, விருந்தாளி வருகிறார், வஞ்சிரம் வாங்கியே ஆக வேண்டும். இது மட்டும்தான் நிலைமை. ஒருமுறை ஒரு பையன் எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரியாக நடித்த சிறுமி, ‘எனக்கு ஒண்ணும் புரியலயே அண்ணே’ என்று கையை விரித்துவிட்டாள். வேறு வழியில்லை. ‘கொஞ்சம்... கொஞ்சம் குறைங்க’ என்றான். அடுத்த வாரம் வரும்போது பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். ‘என்னம்மா, யானை விலை சொல்றீங்க! கட்டுப்படியாகாது.’ வகுப்பே சிரித்தது. அதற்கடுத்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பேரம் கொண்டு வந்தது. வீட்டில் பாட்டிகளுக்கு வேலை கிடைத்தது. தமிழில் பேசப் பிள்ளைகளுக்கு ஒரு தேவை வந்தது, அவ்வளவுதான் நடந்தது.

முன்னால் சொன்ன ஹார்வர்டு அலசலிலும் இதுதான். கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகள் அந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், அதோடு நடிக்காத புதிய கதைகளையும் நன்றாகப் படித்தார்கள். கலை எதற்கு என்று கேட்கும் தமிழாசிரியர்களிடம் நான் எடுத்து வைக்கும் சான்று இது.

பாட்டும் அப்படியே. சிங்கப்பூரில் பள்ளிக்குப் போன சீன, மலாய் நண்பர் யாரிடமாவது ‘முன்னேறு வாலிபா’ என்று தொடங்கிப் பாருங்கள், அடுத்த அடியை அவர் பாடுவார். எஸ். ஜேசுதாசன் எழுதிய தமிழ்ப் பாட்டு அது. தேசிய தினத்தையொட்டிப் பள்ளியில் பாடிப் பாடி, தமிழ் தெரியாதவர் வாயிலும் தங்கிவிட்டது.

இந்திய நடனத்தில் சீன, மலாய்ப் பிள்ளைகள் சேர்கிறார்களே, நம் மரபு நீர்த்துப்போகாதா?

இந்த அச்சத்தைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. கே. பி. பாஸ்கர் 1952-இல் இங்கே நடனப் பள்ளி தொடங்கினார். அவருடைய மனைவி சாந்தா பாஸ்கர் 1955-இல் சிங்கப்பூர் வந்தார். 1958-இல், பட்டாம்பூச்சிகளாக மாறும் சீனக் காதலர் கதையைப் பரதநாட்டியத்தில் மேடையேற்றினார். அப்போது தேசியக் கலைகள் மன்றம் கிடையாது, அது 1991-இல்தான் வந்தது. இனங்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்து அவர் செய்யவில்லை. 1990-இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. சத்தியலிங்கம், நீலா சத்தியலிங்கம் தம்பதி 1977-இல் தொடங்கிய அப்சராஸ் ஆர்ட்ஸ், 1949 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் என்று இங்கே மரபுக்கு வேர் ஆழமாகவே இருக்கிறது.

பள்ளி நடனக் குழுவில் ஒரு மலாய்ச் சிறுமி சரியான அரைமண்டியில் உட்காரக் கற்றுக்கொண்டால் அந்த அரைமண்டி இன்னொரு உடம்பிலும் உயிரோடு இருக்கிறது. நம் பிள்ளைகளும் அங்க்லுங் என்ற மூங்கில் கருவியை வாசிக்கட்டும், சீன இசைக்குழுவில் எர்ஹு கற்றுக்கொள்ளட்டும். அதற்கும் ஆசைப்பட வேண்டும்.

கலை படித்தால் பிழைக்க முடியுமா?

2020 ஜூனில் ஓர் ஆங்கில நாளிதழின் கருத்துக்கணிப்பில், அத்தியாவசியமில்லாத வேலைகளின் வரிசையில் முதலிடம் கலைஞருக்குக் கிடைத்தது. 71 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். கிருமித்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நாம் என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம் வரும்.

வருமானம் ஒரே சீராக இருக்காது என்பது உண்மை. நானும் பள்ளிக்குப் பள்ளி ஒப்பந்தத்தில்தான் வேலை செய்கிறேன், டிசம்பர் விடுமுறையில் சம்பளம் இல்லை. வழிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன என்பதும் உண்மை. 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் 1984-இல் தொடங்கிய லாசால் கல்லூரியும் சேர்ந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாக 2024 முதல் மாணவர்களைச் சேர்க்கின்றன. சாங்கி விமான நிலையத்தின் 3ஆம் முனையத்தில் சிவப்பாக உயர்ந்து நிற்கும் மஞ்சாடி விதைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சிங்கப்பூர்க் கலைஞர் குமாரி நாகப்பனின் கை. அடுத்த பயணத்தில் பிள்ளைக்குக் காட்டி, யார் செய்தது என்று சொல்லுங்கள்.

ஆனால் பள்ளியில் கலை படிக்கும் நூறு பேரில் பெரும்பாலோர் கலைஞராகப் போவதில்லை. தாதியாக, பொறியாளராக, பேருந்து ஓட்டுநராக இருப்பார்கள். அரங்கில் வந்து உட்காரப்போவதும் அவர்கள்தான். அவர்களையும் மனத்தில் வைத்துத்தான் பள்ளியில் கலை வேண்டும் என்கிறேன்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு?

கண்டிப்பாக. பேச்சு வராத பிள்ளை தாளத்தில் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். உடற்குறையுள்ளோரின் கலைக்காக 1993 முதல் இயங்கும் ஆர்ட்டிஸ் அமைப்பை அணுகிப் பாருங்கள்.

செலவில்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், பள்ளி ஏற்பாடு செய்யும் கலைப் பட்டறைகளை ‘தேவையில்லை’ என்று டிக் செய்து அனுப்பாதீர்கள். குடிமக்களான பிள்ளைகளுக்கு அரசு பணம் போடும் எடுசேவ் என்ற கல்விக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கநிலைக்கு 230 வெள்ளியும் உயர்நிலைக்கு 290 வெள்ளியும் சேர்கிறது. பள்ளி நடத்தும் இத்தகைய வகுப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். பலருக்கு அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா, தீபாவளியையொட்டி எஸ்பிளனேட் கலை அரங்கில் கலா உற்சவம். இரண்டிலும் இலவச நிகழ்ச்சிகள் நிறைய. பிள்ளையோடு போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்தாலும் போதும், முடியும்வரை உட்கார வைக்க வேண்டியதில்லை. 2025-இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குக் கலை நிகழ்ச்சிகளுக்காகக் கொடுத்திருக்கும் 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 2028 இறுதிவரை செல்லும். அதை ஒரு தமிழ் நாடகத்துக்குச் செலவிடுங்கள், அரங்கில் நம்மவர் இருக்கைகள் காலியாகக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

தேசிய அரும்பொருளகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 முதல் பொது நுழைவு இலவசம். போகும்போது எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். ஒரே அறை, ஒரே படைப்பு, பிள்ளை தேர்ந்தெடுத்தது. அதன் முன் உட்கார்ந்து வரையட்டும். சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். காட்சிக்கூடத்துக்குள் பொதுவாகப் பென்சிலைத்தான் விடுவார்கள், பேனாவையும் வண்ணங்களையும் வெளியே வைத்துவிட வேண்டியிருக்கும்.